ஆரஞ்சுப் பழமே சேராத ‘ஆரஞ்சு ஒயின்’: மண்ணில் புதைத்த தாழியில் இருந்து மெனு கார்டுக்கு வந்த கதை

பெங்களூரு, மும்பை, கோவா என எங்காவது ஓரளவு பெரிய ரெஸ்டாரன்ட்டின் ஒயின் பட்டியலைப் புரட்டினால், சிவப்பு, வெள்ளை, ரோஸே என்ற வழக்கமான மூன்று தலைப்புகளுக்குக் கீழே நான்காவதாக ஒன்று எட்டிப் பார்க்கலாம்: ‘ஆரஞ்சு’. சில இடங்களில் ‘ஆம்பர்’ என்று போட்டிருப்பார்கள், சில இடங்களில் ‘ஸ்கின் கான்டாக்ட்’. மூன்றும் ஒன்றுதான். டீம் டின்னரில் யாராவது ஒருவர் "இது ஆரஞ்சுப் பழத்துல செஞ்சதா?" என்று கேட்பார். இன்னொருவர் யோசிக்காமல் "ஆமா" என்பார்.

இல்லை. ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது முழுக்க முழுக்கத் திராட்சை ஒயின். அதுவும் வெள்ளை ஒயின் செய்கிற அதே திராட்சை. ஒரே ஒரு வித்தியாசம்: வெள்ளை ஒயின் செய்பவர்கள் முதல் வேலையாகத் தூக்கிப் போடுகிற தோலை, இவர்கள் தூக்கிப் போடுவதில்லை.

அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தோலை வைத்துக்கொள்வதா, எறிவதா என்ற கேள்வியில் ஒரு சின்ன நாட்டின் பாரம்பரியமும், நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொழிலையே பணயம் வைத்த இத்தாலிய விவசாயி ஒருவரின் பிடிவாதமும் இருக்கின்றன.

எல்லாம் தோலில்தான்

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கம்பம் பன்னீர் திராட்சை ஒன்றை எடுத்து, தோலை உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் சதையை மட்டும் பிழியுங்கள். வெளியே கருநீலமாக இருந்த பழத்தில் இருந்து வருகிற சாறு ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருக்கும். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகள் இப்படித்தான். ஆந்தோசயனின் என்ற நிறமி முழுவதும் தோலில் தங்கியிருக்கிறது. வெள்ளைத் திராட்சை என்று சொல்லப்படுபவற்றில் (நாம் கடையில் பச்சைத் திராட்சை என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மாதிரி) இந்த நிறமியை உருவாக்கும் மரபணுக்கள் வேலை செய்வதில்லை.

ஆகவே ஒரு ஒயின் எந்த வகை என்று தெரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் போதும். திராட்சை கறுப்பா, வெள்ளையா? சாறு நொதிக்கும்போது தோலும் கூடவே இருந்ததா, இல்லையா?

கறுப்புத் திராட்சையைத் தோலோடு நொதிக்க வைத்தால் சிவப்பு ஒயின். கறுப்புத் திராட்சையின் தோலைச் சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டு எடுத்துவிட்டால் இளஞ்சிவப்பு ரோஸே. வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து, தோலை உடனே ஒதுக்கிவிட்டு, சாற்றை மட்டும் நொதிக்க வைத்தால் வெள்ளை ஒயின். இந்தக் கணக்கில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, கவனித்தீர்களா? வெள்ளைத் திராட்சை, தோலோடு. அதுதான் ஆரஞ்சு ஒயின். சுருக்கமாக, வெள்ளைத் திராட்சையில் சிவப்பு ஒயின் செய்கிற முறை.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பீங்கான் ஜாடியில் ஒயின் போடுகிற குடும்பத்தில் இருந்து வந்தவர்களுக்கு இது புதிதாகவே தெரியாது. பாட்டி திராட்சையைத் தோலோடு நசுக்கி, சர்க்கரை சேர்த்து, துணியால் வாயைக் கட்டி மூலையில் வைப்பார் இல்லையா? அது கறுப்புத் திராட்சை என்பதால் சிவப்பாக வந்தது. அதே ஜாடியில் பச்சைத் திராட்சையைப் போட்டிருந்தால், வந்தது ஆரஞ்சு ஒயினுக்கு ஒன்றுவிட்ட உறவாக இருந்திருக்கும்.

சரி, தோலில்தான் சிவப்பு நிறமி இல்லையே, அப்புறம் ஆரஞ்சு நிறம் எங்கிருந்து வருகிறது? ஆப்பிளை நறுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிறதே, ஏறக்குறைய அந்தக் கதைதான். பீனால் வகைச் சேர்மங்கள் தோலிலும் விதையிலும் நிறைய உண்டு. அவை சாற்றில் இறங்கி, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு மெதுவாக வினைபுரியும்போது பொன், தேன், செம்பு என்று நிறம் ஏறுகிறது. தோல் எத்தனை நாள் ஊறியது, எந்தத் திராட்சை, எவ்வளவு காற்று பட்டது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். அதனால் எல்லா ‘ஆரஞ்சு’ ஒயினும் ஆரஞ்சாக இருக்காது. சில வெறும் வைக்கோல் நிறத்தில் இருக்கும். சில பால் விடாத டீ மாதிரி இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து எடை போட்டால் ஏமாறுவீர்கள்.

இந்தச் சுவைக்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது

ஆரஞ்சு ஒயினை முதல் முறை குடிக்கிற பலரும் சொல்வது: "என்னவோ மாதிரி இருக்கு." வெள்ளை ஒயின் போலக் குளுகுளு என்று உள்ளே இறங்காது. சிவப்பு போலப் பழ வாசனையோடு வந்து நிற்காது. நாக்கையும் ஈறையும் லேசாகப் பிடித்து இழுக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதை விளக்கத் தேயிலை, வால்நட் தோல் என்று என்னென்னவோ ஒப்பிட்டு எழுதுகிறார்கள். நமக்கு அந்தச் சிரமமே வேண்டாம். ஒரே வார்த்தை: துவர்ப்பு.

அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாகவே எண்ணி வைத்திருக்கிறோம். வாழைப்பூ, பாக்கு, பெரிய நெல்லிக்காய், கடுக்காய் என்று சொன்னாலே வாய் சுருங்குகிறதே, அதேதான். அறிவியல் கணக்குப்படி இது நாக்கின் சுவை மொட்டுகள் உணர்வது மட்டுமல்ல, தொடுவுணர்வும் சேர்ந்தது. தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற சேர்மம் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. வாயின் வழுவழுப்புக்குக் காரணமே அந்தப் புரதங்கள்தான். அவை போனதும் வாய் வறண்டு, சொரசொரப்பாகத் தோன்றுகிறது. கடுங்காப்பி நிற டீயில் கொஞ்சம் பால் விட்டதும் துவர்ப்பு அடங்கிவிடுவதற்கும் இதுதான் காரணம். டானின் உங்கள் எச்சிலை விட்டுவிட்டுப் பாலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது.

துவர்ப்போடு வேறு சிலவும் வரும். காய்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், தேன், வால்நட், கொஞ்சம் அடிபட்ட ஆப்பிள், சில பாட்டில்களில் காய்ந்த புல் வாசனை. ஆனால் வாசனைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு ஈறில் பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிடிப்பு துளியும் இல்லாமல், நிறம் மட்டும் அழகாக ஆரஞ்சாக இருந்தால், அந்த பாட்டிலில் தோல் செய்த வேலை ரொம்பக் குறைவு என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் தோலை ஏன் விட்டு வைத்தார்கள்? சுவைக்காக மட்டும் இல்லை. இதே டானின் ஒயின் சீக்கிரம் கெடாமல் தடுக்கிறது. குளிர்பதனம் இல்லை, ரசாயனப் பாதுகாப்பு இல்லை, மின்சாரம் இல்லை. அடுத்த அறுவடை வரை ஒயின் தாங்க வேண்டும் என்றால் தோலும் விதையும் உள்ளே இருப்பது நல்லது என்று விவசாயிகளுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

ஜார்ஜியா: கழுத்து வரை புதைத்த தாழி

கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் இடையில், தமிழ்நாட்டின் பாதியை விடக் கொஞ்சம் பெரிய நாடு ஜார்ஜியா. அதன் தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் கடாச்ரிலி கோரா, ஷுலவேரிஸ் கோரா என்று இரண்டு தொல்லியல் மேடுகள் இருக்கின்றன. அங்கே தோண்டி எடுத்த மண்பாண்டத் துண்டுகளில் ஒயினுக்கே உரிய டார்டாரிக் அமிலத்தின் தடயம் இருப்பதை 2017-ல் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது. பாண்டங்களின் வயது, கி.மு. 6000-ஐ ஒட்டிய காலம். அதாவது சுமார் 8,000 ஆண்டுகள். திராட்சை ஒயினுக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய ரசாயனச் சான்றுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். "8,000 ஆண்டு பழமையான ஆரஞ்சு ஒயின்" என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அது கொஞ்சம் ஓவர். பானைத் துண்டில் இருந்த அமிலம் ‘இங்கே ஒயின் இருந்தது’ என்று சொல்லும். அந்த ஒயின் சிவப்பா, ஆரஞ்சா என்று அது சொல்லாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒயின் செய்யும் பழக்கம் அங்கே மிகப் பழையது, வெள்ளைத் திராட்சையைத் தோலோடு மண்தாழியில் நொதிக்க வைக்கும் முறை தலைமுறை தலைமுறையாக அங்கே கைமாறி வந்திருக்கிறது.

அந்தத் தாழியின் பெயர் குவெவ்ரி. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியின் படத்தையாவது பார்த்திருப்பீர்கள். அடிப்பக்கம் குறுகி, வயிறு பெருத்து, முட்டை வடிவில் இருக்கும் சுடுமண் பாத்திரம். குவெவ்ரியின் வடிவமும் கிட்டத்தட்ட அப்படித்தான். சில நூறு லிட்டரில் தொடங்கி, ஒரு ஆள் உள்ளே இறங்கி நின்று கழுவும் அளவுக்கு, சில ஆயிரம் லிட்டர் வரை கொள்ளளவு உண்டு. உட்புறம் தேன்மெழுகு பூசுவார்கள். பிறகு வாய் மட்டும் தெரியும்படி தரையில் புதைத்துவிடுவார்கள். குவெவ்ரிகள் புதைந்திருக்கும் அறைக்கு ‘மாரானி’ என்று பெயர். பல கிராமத்து வீடுகளில் அது சமையலறை மாதிரி சாதாரணமான ஓர் அறை.

அறுவடை முடிந்ததும் திராட்சையை நசுக்கிச் சாறு, தோல், விதை, பல இடங்களில் காம்பு உட்பட எல்லாவற்றையும் தாழியில் இறக்குகிறார்கள். ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதில்லை, திராட்சைத் தோலிலும் மாரானியிலும் இருப்பதே போதும். நொதிக்கும்போது தோல் மேலே மிதந்து வரும். அதைத் தினமும் கட்டையால் உள்ளே அமுக்கிவிட வேண்டும். கொதிப்பு அடங்கியதும் வாயை மூடி, மண்ணோ களிமண்ணோ வைத்து அடைத்து, ஐந்து ஆறு மாதம் விட்டுவிடுகிறார்கள். குளிர்காலம் முழுக்க மண்ணே அதற்கு ஏசி. தாழியின் கூர்மையான அடிப்பகுதிக்கும் ஒரு வேலை இருக்கிறது. கசப்பான விதைகள் முதலில் அந்த முனையில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அவற்றின் மேல் தோலும் வண்டலும் படிந்துவிடுவதால், கசப்பு ஒயினில் அளவுக்கு மேல் இறங்குவதில்லை. பம்ப் இல்லை, ஃபில்டர் இல்லை, புவியீர்ப்பு மட்டும்தான். வசந்த காலத்தில் திறந்தால் தெளிந்த ஆம்பர் நிற ஒயின்.

ஜார்ஜியாவுக்குள்ளேயே முறை மாறும். கிழக்கே ககேதி பகுதியில் தோல், காம்பு எல்லாவற்றையும் போட்டு மாதக்கணக்கில் ஊற வைப்பார்கள். மேற்கே இமெரேதியில் தோலைக் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள், காம்பு கிடையாது. ககேதி ஒயின் நாக்கைப் பிடிக்கும், இமெரேதி ஒயின் கொஞ்சம் சாது. ககேதியில் அதிகம் பயிராகும் வெள்ளைத் திராட்சைக்கு ‘ரகாட்சிதேலி’ என்று பெயர். அந்தப் பெயருக்கே ‘சிவப்புத் தண்டு’ என்ற மாதிரிதான் பொருள். இது போல உள்ளூர் திராட்சை ரகங்கள் மட்டும் 500-க்கு மேல் இருப்பதாக அந்த நாடு பெருமையோடு சொல்லும்.

இவ்வளவும் ஏறக்குறைய கைவிட்டுப் போயிருக்கும். சோவியத் ஒன்றியத்தில் ஜார்ஜியா இருந்த காலத்தில் ஒயின் என்றால் தொழிற்சாலை, டார்கெட், டன் கணக்கு. நாடு முழுவதற்கும் சப்ளை செய்யும் வேலைக்குத் தாழி சரிப்படாது. பெரிய டாங்குகளும் ஐரோப்பிய முறையும் வந்தன. அதிக விளைச்சல் தரும் சில ரகங்கள் மட்டும் எங்கும் பரவின. குவெவ்ரி வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போனது. குடும்பத்துக்கும் விருந்துக்கும் மட்டும் கொஞ்சம் செய்துகொள்வார்கள். தாழி வனையும் குடும்பங்களும் குறைந்துகொண்டே வந்தன. ஒரு பெரிய குவெவ்ரியைக் கையால் சுருள் சுருளாக ஏற்றி வனைந்து, காயவைத்துச் சுட்டெடுக்க வாரக்கணக்கில் ஆகும். கேட்க ஆள் இல்லாத தொழிலைப் பிள்ளைகள் ஏன் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?

சோவியத் உடைந்த பிறகும் ஜார்ஜிய ஒயினுக்கு ரஷ்யாதான் பெரிய சந்தை. 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. தரம் சரியில்லை என்று காரணம் சொன்னார்கள், பின்னணியில் அரசியல் இருந்தது எல்லோருக்கும் தெரியும். தடை 2013 வரை நீடித்தது. பிழைப்பில் விழுந்த இந்த அடிதான் தாழியைக் காப்பாற்றியது என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும், ஆனால் பெரிய அளவில் உண்மை. மலிவான இனிப்பு ஒயினை லாரி லாரியாக அனுப்பும் வழி அடைபட்டதும், லண்டனிலும் நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் விற்கத் தங்களிடம் மட்டுமே இருக்கிற பொருள் எது என்று தேட வேண்டி வந்தது. 2013-ல் யுனெஸ்கோ குவெவ்ரி முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்றும் ஜார்ஜியாவின் மொத்த ஒயினில் குவெவ்ரி ஒயின் சிறிய பங்குதான். ஆனால் உலகம் ஜார்ஜியாவைத் தேடி வருவது அந்தச் சிறிய பங்குக்காக.

இத்தாலியில் ஒருவருக்குப் ‘பைத்தியம் பிடித்த’ கதை

ஆனால் ஆரஞ்சு ஒயின் மேற்கத்திய நாடுகளின் கவனத்துக்கு வந்தது ஜார்ஜியாவில் இருந்து நேராக இல்லை. நடுவில் இத்தாலி இருக்கிறது. வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டி, ஃபிரியூலி பகுதியில் ஓஸ்லாவியா என்று ஒரு சின்ன ஊர். முதல் உலகப் போரில் சுற்றுவட்டாரம் தரைமட்டமானது. அங்கே உள்ள நினைவிடத்தில் 57 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்களின் எலும்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த மண்ணில் மறுபடி கொடி நட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தக் கதையின் நாயகர்கள்.

ஃபிரியூலியிலும் பக்கத்து ஸ்லோவேனியப் பகுதிகளிலும் தாத்தா காலத்தில் வெள்ளைத் திராட்சையைத் தோலோடுதான் நொதிக்க வைத்தார்கள். 1844-லேயே விபாவா பள்ளத்தாக்கைச் சேர்ந்த மதியா வெர்டோவெட்ஸ் என்ற பாதிரியார், திராட்சை வளர்ப்பு பற்றி ஸ்லோவேனிய மொழியில் எழுதிய புத்தகத்தில் இந்த முறையைச் சொல்லியிருக்கிறார். 1960, 70-களில் எல்லாம் மாறியது. சாற்றை மென்மையாகப் பிழிந்தெடுக்கும் புது எந்திரங்கள், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டாங்குகள், ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்த ஈஸ்ட். வெள்ளை ஒயின் கண்ணாடி மாதிரி தெளிவாக, பழ வாசனையோடு, ஐஸ் போலக் குளிராக வந்தது. நல்லா இருந்தது, விற்றது. இன்று ‘வெள்ளை ஒயின்னா இப்படித்தான் இருக்கும்’ என்று நாம் நினைப்பது உண்மையில் இந்த அறுபது ஆண்டுகளில் உருவான பழக்கம்.

யோஷ்கோ கிராவ்னர் அந்தப் புது முறையில் கொடிகட்டிப் பறந்தவர். ஸ்டீல் டாங்க், பிறகு பிரெஞ்சு ஓக் பீப்பாய் என்று ஒவ்வொன்றையும் முதலில் வாங்கிப் பார்த்து, விமர்சகர்களிடம் பாராட்டு வாங்கியவர். 1987-ல் கலிஃபோர்னியாவுக்குப் போய் அங்கே ஒயின் செய்யும் விதத்தைப் பார்த்துவிட்டு மனம் வெறுத்துத் திரும்பினார். எதிர்காலம் இதுதான் என்றால் நமக்கு வேண்டாம் என்று பின்னோக்கித் தேட ஆரம்பித்தார். 1996-ல் ஆலங்கட்டி மழை அவருடைய ரிபோல்லா திராட்சையில் பெரும்பகுதியை அழித்தது. மிச்சமிருந்த கொஞ்சத்தை வைத்துத் தோலோடு நொதிக்கும் சோதனையில் இறங்கினார். அதே ஊரில் ஸ்டான்கோ ராடிகோன் 1995-லேயே தன் தாத்தாவின் முறைக்குத் திரும்பியிருந்தார்.

ரிபோல்லா ஜியால்லா அந்த ஊரின் சொந்தத் திராட்சை. தோல் தடிமன். தோலை எடுத்துவிட்டுப் பிழிந்தால் சாதாரணமான, நினைவில் நிற்காத ஒயின்தான் வரும். அதன் சரக்கே தோலில் இருக்கிறது என்பதுதான் இருவரின் வாதம்.

கிராவ்னர் 2000-ல் ஜார்ஜியாவுக்குப் போனார். தாழிகளைப் பார்த்தார், ஆர்டர் கொடுத்தார். லாரியில் அத்தனை தூரம் வரும் வழியில் பல உடைந்தன. மிஞ்சியவற்றைத் தன் நிலவறையில் புதைத்து, 2001 அறுவடையில் இருந்து தாழியில் ஒயின் செய்கிறார். சுமார் ஆறு மாதம் தோலோடு தாழியில், பிறகு பல ஆண்டுகள் பெரிய மரப்பீப்பாயில். விற்பனைக்கு வர ஏழு ஆண்டுகள் ஆகும்.

இதன் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். தெளிந்த வெள்ளை ஒயினுக்காகவே உங்களைத் தேடி வந்த வாடிக்கையாளரிடம், கலங்கிய, செம்பு நிறமான, துவர்க்கிற ஒன்றை அதே பெயரில் நீட்டுகிறீர்கள். விமர்சகர்கள் கிராவ்னருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதினார்கள், பழைய வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். நல்ல சம்பளத்தில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு "நான் சரின்னு நினைக்கிறதைச் செய்யப் போறேன்" என்று வீட்டில் சொன்னவர்களுக்கு அந்த நிலைமை புரியும். பத்திரிகைகள் பிற்பாடு அவரை முன்னோடி என்று கொண்டாடின என்பது வேறு விஷயம். அந்தப் பத்து ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க நிலமும் பெயரும் அவரிடம் இருந்தன. எல்லாருக்கும் அது வாய்க்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெயர் வைத்தது யார்?

‘ஆரஞ்சு ஒயின்’ என்ற பெயருக்கு வயது சுமார் இருபதுதான். 2004-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஒயின் இறக்குமதியாளர் டேவிட் ஹார்வி, சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் உள்ள ஒரு ஒயின் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தபோது சூட்டிய பெயர் இது. சிவப்பு, வெள்ளை, ரோஸே மாதிரி நிறத்தாலேயே இதற்கும் ஒரு பெயர் வேண்டும், அப்போதுதான் கடை அலமாரியில் தனி இடம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. கூடவே ஆரஞ்சுப் பழக் குழப்பமும் வந்தது.

ஜார்ஜியர்கள் ‘ஆம்பர்’ நிற ஒயின் என்கிறார்கள். கேட்டலோனியாவில் இதற்கு ‘பிரிசாட்’ என்று பழைய பெயர் இருக்கிறது. இத்தாலியின் வடகிழக்கில், இளஞ்சிவப்புத் தோல் கொண்ட பினோ கிரிஜோ திராட்சையில் செய்யும் செம்பு நிற ஒயினுக்கு ‘ராமாட்டோ’ என்று பெயர். ஒயினுக்கான சர்வதேச அமைப்பான ஓ.ஐ.வி. 2020-ல் இதைத் தனி வகையாக ஏற்றபோது ‘ஆரஞ்சு’ என்ற சொல்லைத் தொடவே இல்லை. ‘தோலில் ஊற வைத்த வெள்ளை ஒயின்’ என்ற பொருளில் பெயர் வைத்து, குறைந்தது ஒரு மாதம் ஊறியிருக்க வேண்டும் என்று வரையறுத்தது. கடைகளில் ஆரஞ்சு என்று விற்கப்படுபவற்றில் பல, ஒரு வாரம் பத்து நாள் மட்டுமே ஊறியவை. இந்த அளவுகோலில் அவை தேறாது.

‘நேச்சுரல்’, ‘ஆரோக்கியம்’ என்றால் உஷார்

ஆரஞ்சு ஒயினும் ‘நேச்சுரல் ஒயின்’ என்பதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஆரஞ்சு என்பது செய்முறை, அதாவது தோலோடு நொதித்தது. நேச்சுரல் என்பது ஒரு கொள்கை: ரசாயனம் போடாத திராட்சை, வெளியில் இருந்து எதையும் சேர்க்காத தயாரிப்பு. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் நிறைய உண்டு. ஆனால் பூச்சிமருந்து அடித்த திராட்சையிலும் ஆரஞ்சு ஒயின் செய்யலாம், தோலே படாமல் நேச்சுரல் வெள்ளை ஒயினும் செய்யலாம்.

இந்தக் குழப்பத்தில் ஒளிந்துகொள்ளும் மோசமான பாட்டில்களும் உண்டு. வினிகர் நெடி மூக்கைக் குத்தினாலோ, குடித்து முடித்த பிறகு எலிக்கூண்டு வாடை மாதிரி ஒன்று வாயில் தங்கினாலோ, அது கெட்டுப்போன ஒயின். "இதோட கேரக்டரே அப்படித்தான் சார்" என்று பரிமாறுபவர் சொன்னால் நம்ப வேண்டாம். கலங்கலாக இருப்பது குறை இல்லை, துவர்ப்பு குறை இல்லை, நாற்றம் குறைதான். திருப்பி அனுப்பலாம்.

அடுத்தது ‘ஆன்டிஆக்சிடன்ட் அதிகம், உடம்புக்கு நல்லது’ என்ற பேச்சு. தோலோடு ஊறியதால் பீனால் சேர்மங்கள் சாதாரண வெள்ளை ஒயினை விட அதிகம் என்பது உண்மை. அதனால் இது மருந்தாகிவிடாது. இதிலும் வழக்கமான ஒயின் அளவுக்கு ஆல்கஹால் இருக்கிறது. ஆல்கஹாலைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறார்கள். எந்த அளவும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் ஆரோக்கியத்துக்காக இதைத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. நெல்லிக்காயில் இதைவிட நல்ல துவர்ப்பு இருக்கிறது.

வாங்கும் முன்னால்

இந்தியாவில் இது மலிவு இல்லை. இறக்குமதி ஒயினுக்கு நீண்ட காலமாக 150 சதவீதம் வரை சுங்க வரி இருந்து வந்திருக்கிறது. அதற்கு மேல் மாநில வரி, ரெஸ்டாரன்ட்டின் லாபம். பாட்டில் ஒன்றைத் திறக்கச் சொல்வதற்கு முன் கிளாஸ் கணக்கில் கிடைக்குமா என்று கேளுங்கள். கூடவே ஒரே ஒரு கேள்வி: "தோல்ல எத்தனை நாள் ஊறினது?" சில நாள் என்றால் மென்மையாக இருக்கும், முதல் முறைக்கு அது போதும். மாதக்கணக்கு என்றால் துவர்ப்புக்குத் தயாராக இருங்கள். பதிலே தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் இதற்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டியதில்லை.

ஐஸ் வாளியில் வைத்து நீட்டினால் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதிகக் குளிரில் டானின் முரடாகும், ஆறிப்போன கடுந்தேநீர் மாதிரி. சுமார் 12 முதல் 15 டிகிரி சரியான சூடு. அகலமான கிளாஸ், கொஞ்ச நேரம் காற்றுப் படட்டும்.

சாப்பாட்டில், ஜார்ஜியர்கள் இதை வால்நட் அரைத்து ஊற்றிய கோழி, சீஸ் வைத்த ரொட்டி, சுட்ட இறைச்சி ஆகியவற்றோடு குடிக்கிறார்கள். புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்து அடக்கும், டீயில் பால் செய்த அதே வேலை. நம் பக்கத்தில் அவியல், சொதி, முந்திரி அரைத்த குருமா, பனீர், தந்தூரி வகைகள் பொருந்தும். நல்ல காரமான செட்டிநாட்டுக் கறியோடு வேண்டாம் என்பேன். காரமும் டானினும் ஒன்றையொன்று ஏற்றிவிடும், இரண்டின் ருசியும் தெரியாது.

மீதம் இருந்தால் கார்க்கைத் திருப்பிச் சொருகி ஃபிரிட்ஜில் வையுங்கள். டானின் காவல் இருப்பதால் வெள்ளை ஒயினை விட இரண்டு மூன்று நாள் கூடுதலாகவே தாங்கும், சில பாட்டில் இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும். அடியில் வண்டல் தங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். பாட்டிலை ஆட்டாமல் மெதுவாகச் சரித்து ஊற்றி, கடைசி இரண்டு விரற்கடையை அப்படியே விட்டுவிடுங்கள்.